ழகரத்தில் தொலையும் ஆய்வேடுகள்

மகளுக்குக் கல்லூரியில் ப்ராஜெக்ட். உழவர் பாடல்கள் பற்றி எழுதப்போகிறாள். "இந்த ஊர்ல தமிழ்ப் புத்தகத்துக்கு எங்கேப்பா போறது?" என்றாள். அகமதாபாத்தில் நியாயமான கேள்விதான். ஆனால் பதில் பக்கத்து ஊரான காந்திநகரிலேயே இருந்தது. அங்குள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா.

முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் தரவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் விதி செய்தது. இன்று லட்சக்கணக்கான ஆய்வேடுகளை அங்கே இலவசமாகப் படிக்கலாம். இயல் இயலாகப் பி.டி.எஃப். தமிழில் எழுதியவையும் நிறைய.

தேடினோம். 'உழவர்' என்று தமிழில் அடித்தால் ஒரு பட்டியல், ஆங்கில எழுத்தில் அடித்தால் வேறு பட்டியல். ழகரத்துக்கு ஒருவர் இசட்-ஹெச் போடுகிறார், இன்னொருவர் வெறும் எல். சில பழைய ஆய்வேடுகள் ஸ்கேன் செய்த படங்கள், சில யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்தவை. உள்ளே ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. குறை தளத்தில் இல்லை, தயாரித்துத் தருபவர்களிடம்.

வங்கியில் பெயரில் ஓர் எழுத்து மாறினாலே ஃபாரத்தைத் திருப்பி அனுப்புவோம். பல வருஷ உழைப்பின் தலைப்பை இப்படியா பதிவது? தலைப்பும் ஒரு பக்கச் சுருக்கமும் யூனிகோட் தமிழில் இல்லாவிட்டால், தமிழ் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகங்கள் வாங்கவே கூடாது என்பேன்.

அதுவரை நமக்கு ஒரே வழி: இரண்டு மூன்று ஸ்பெல்லிங்கில் தேடுங்கள். பல்கலைக்கழகம், துறை என்று வரிசையாகவும் பாருங்கள். ஒன்று கிடைத்தால் அதன் துணைநூற்பட்டியலை முதலில் திறங்கள். மகளுக்கு அடுத்த இரண்டு ஆய்வேடுகள் அங்கிருந்துதான் கிடைத்தன.