ஜி.எம்.மைத் திட்டினது போதும், முதலாளியைக் கேளுங்க சாமி!

டிஸ்கி: இது பேஸ்பால் பதிவு. ஆட்ட விதி ஒண்ணும் தெரியாட்டியும் படிக்கலாம். பந்தே வராது, பஞ்சாயத்து மட்டும்தான் :-)

நான் பாஸ்டனில் மூணு வருஷமா பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். பக்கத்து சீட்டுக்காரர் செயின்ட் லூயிஸ் ஊர்க்காரர், கார்டினல்ஸ் டீமுக்கு பரம ரசிகர். 2025 சீசன் முடிஞ்சதும் அவங்க டீம் நிர்வாகம் ஹைம் ப்ளூம் கைக்குப் போச்சு. அன்னிக்கு முழுக்க ஒரே புலம்பல். "பாஸ்டன்ல துரத்தி விட்ட ஆளை எங்க தலையில கட்டிட்டாங்க. ஒரு மேட்ச் ஆடினதில்ல. எக்ஸெல் ஷீட்டை வச்சுக்கிட்டு டீம் நடத்தப் போறாராம்." சுத்தி இருந்த பாஸ்டன் ரசிகர்கள் எல்லாம் "அனுபவிங்க"ன்னு சிரிச்சாங்க.

எனக்கு சிரிப்பு வரலை. எரிச்சல்தான் வந்தது. அதான் இந்தப் பதிவு.

முதல்ல ஜெனரல் மேனேஜர்னா யாருன்னு சொல்லிடறேன். அவர் கோச் கிடையாது. யாரை வாங்கறது, யாரை விக்கறது, யாருக்கு எத்தனை வருஷ ஒப்பந்தம் போடறதுன்னு முடிவு பண்றவர். நம்ம ஊர் செலக்‌ஷன் கமிட்டித் தலைவர் கையில செக் புக்கையும் குடுத்தா எப்படி இருக்கும், அப்படி. இப்பல்லாம் சில டீம்கள்ல இதே வேலைக்கு 'சீஃப் பேஸ்பால் ஆஃபீசர்'னு பேரு. பேர் எதுவானாலும் செக் புக்குக்குப் பின்னாடி இருக்கிற அக்கவுண்ட் முதலாளியோடது. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

புது ஜி.எம். வந்தா ரசிகர்கள் சொல்ற குறை எப்பவும் மூணுதான். சின்னப் பையன். ஆடினதில்லை. கணக்குப் பார்க்கிற ஆளு.

பாஸ்டன் ரெட் சாக்ஸையே எடுத்துக்குவோம். 2002 நவம்பரில் தியோ எப்ஸ்டீனை ஜி.எம். ஆக்கினாங்க. வயசு 28. அந்த லீக் சரித்திரத்திலேயே அதுவரைக்கும் அவ்வளவு சின்ன வயசு ஜி.எம். கிடையாது. தொழில்முறை ஆட்டம் ஆடினவரும் இல்லை. புள்ளிவிவரத்தையே வாழ்க்கையாக் கொண்ட பில் ஜேம்ஸை ஆலோசகரா வச்சுக்கிட்டாங்க. ஆக மூணு குறையும் மொத்தமா ஒரே ஆள்கிட்ட! போதாக்குறைக்கு 2003ல கடைசி இன்னிங்ஸுக்குன்னு ஒரு நிரந்தரப் பந்துவீச்சாளர் வேண்டாம், நிலைமைக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கலாம்னு ஒரு சோதனை செஞ்சு சொதப்பினாங்க. சீசன் நடுவிலேயே அதை மூட்டை கட்ட வேண்டியதாப் போச்சு.

2004 ஜூலை 31ல ஊரே கொண்டாடின நோமார் கார்சியாபாராவை சிகாகோ கப்ஸுக்கு அனுப்பிட்டார். ஊர் பத்திக்கிச்சு. அதே நாள் டேவ் ராபர்ட்ஸ்னு ஒரு வேக ஓட்டக்காரரை டாட்ஜர்ஸ்கிட்ட இருந்து வாங்கினார். அதை யாரும் பெருசா எடுத்துக்கலை. அக்டோபர்ல யாங்கீஸ்கிட்ட 0-3ன்னு பின்தங்கி, நாலாவது மேட்ச்ல கடைசி இன்னிங்ஸ்ல ஒரு ரன் கம்மியா இருந்தப்ப, ராபர்ட்ஸ்தான் இரண்டாவது பேஸைத் திருடி ஓடி, சமன் செய்யற ரன்னையும் எடுத்தார். வரிசையா நாலு மேட்ச் ஜெயிச்சு, அப்புறம் 86 வருஷம் கழிச்சு உலகத் தொடர் கோப்பை. எப்ஸ்டீன் ஒரே நாளில் மேதை ஆயிட்டார்.

ஆனா மேதைக்குப் பின்னாடி ஒரு விஷயம் இருக்கு. 2004ல ரெட் சாக்ஸோட சம்பளப் பட்டியல் லீக்கிலேயே இரண்டாவது பெருசு. முதலாளி ஜான் ஹென்றி "ஜெயிச்சுக் குடு, காசு நான் தரேன்"ங்கிற மனநிலையில இருந்த காலம் அது.

இப்ப ப்ளூம் கதைக்கு வாங்க. அதே டீம், அதே ஜான் ஹென்றி. 2018ல கோப்பை ஜெயிச்சுக் குடுத்த டேவ் டாம்ப்ரவுஸ்கியை ஒரு வருஷம் கூட ஆகிறதுக்கு முன்னாடியே 2019 செப்டம்பர்ல வீட்டுக்கு அனுப்பினாங்க. அதே மாசம் முதலாளியே பத்திரிகைக்காரங்ககிட்ட, அடுத்த வருஷம் சொகுசு வரி வரம்புக்குக் கீழே செலவைக் கொண்டு வரணும்னு பேசிட்டார். 2020க்கான வரம்பு 20.8 கோடி டாலர். ப்ளூம் வேலைக்கு வந்தது அதுக்கு அப்புறம், அக்டோபர்ல. தேதியை நல்லாப் பாருங்க மக்களே. கத்தியைத் தீட்டி மேஜை மேல வச்சுட்டுத்தான் ஆளையே கூப்பிட்டிருக்காங்க.

2020 பிப்ரவரியில மூக்கி பெட்ஸ் டாட்ஜர்ஸுக்குப் போனார். 2018ல லீக்கோட மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினவர். கூடவே பெரிய சம்பளக்காரரான டேவிட் பிரைஸையும் சேர்த்து அனுப்பினாங்க. ஏன்னு புரியுதா? பெட்ஸ் அங்கே 2020, 2024, 2025ன்னு மூணு கோப்பை ஜெயிச்சார். பாஸ்டன் ரசிகனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனா திட்டு வாங்கினது யாரு? ப்ளூம்.

ப்ளூம் உத்தமர்னு நான் சொல்ல வரலை. 2022ல வரி வரம்பையும் தாண்டி, கடைசி இடத்துக்கும் வந்தது சாதாரண சொதப்பல் இல்லை. அதுக்கு அவரைக் கேக்கலாம், கேக்கணும். 2023 செப்டம்பர்ல வேலையும் போச்சு. ஆனா பெட்ஸ் விஷயத்துக்கும் சேர்த்து அவர் தலையையே உருட்டினதுல, உண்மையா பதில் சொல்ல வேண்டியவர் சத்தமில்லாம தப்பிச்சுட்டார்.

"ஆடின ஆளு வந்தா எல்லாம் சரியாகும்"னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. ப்ளூமுக்கு அடுத்து வந்தவர் கிரெய்க் பிரெஸ்லோ. 2013ல இதே பாஸ்டன் டீம்ல பந்து வீசி கோப்பை ஜெயிச்சவர். அவர் வந்த கொஞ்ச நாள்லயே, 2023 டிசம்பர்ல பந்துவீச்சாளர் கிரிஸ் சேலை அட்லாண்டாவுக்குக் குடுத்தார். சேல் 2024ல சை யங் விருது வாங்கினார்! பந்து போட்டவரே பந்து போடறவரைத் தப்பாக் கணிச்சார். அதே பிரெஸ்லோதான் அடுத்த வருஷம் காரெட் க்ரோஷேன்னு அருமையான பந்துவீச்சாளரைக் கொண்டு வந்தார். ஆக ஆடின அனுபவத்தை வச்சும் ஒண்ணும் சொல்ல முடியாது.

இவ்வளவு எரிச்சல் எனக்கு ஏன்? சொந்தக் கதை ஒண்ணு இருக்கு. முன்னாடி நான் வேலை பார்த்த இடத்துல புதுசா ஒரு மேனேஜர் வந்தார். வந்த மூணாவது வாரம் டீம்ல நாலு பேரைத் தூக்கினார். அவரை நாங்க திட்டாத திட்டு இல்லை. கேண்டீன்ல அவர் உக்கார்ற மேஜையில யாரும் உக்கார மாட்டோம். நான்தான் அதுல முன்னணி. அவர் வேலையை விட்டுப் போற அன்னிக்குத்தான் சொன்னார்: "அந்த லிஸ்ட் நான் சேர்றதுக்கு முன்னாடியே ரெடிப்பா. ஆறு பேர் இருந்தாங்க. சண்டை போட்டு நாலா குறைச்சேன்." அந்த ஆறுல நான் இருந்தேனான்னு கேக்க எனக்கு தைரியம் வரலை. லிஸ்ட் போட்ட பெரியவருக்கு மட்டும் அந்த வருஷமும் நாங்க கைதட்டி வழியனுப்பினோம்.

கார்டினல்ஸ் கதையும் இதேதான். ப்ளூம் வரப்போறார்னு 2024 செப்டம்பர்லயே அறிவிச்சாச்சு. வீரர்களுக்கான செலவு குறையும், இளம் வீரர்களை வளர்க்கிற அமைப்புக்குப் பணம் போகும்னும் அப்பவே சொல்லியாச்சு. ப்ளூம் நாற்காலியில உக்காந்ததும் நவம்பர்ல சோனி கிரேயை அனுப்பி வச்சார். எங்கே? பாஸ்டனுக்கே! :-)

பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட நான் கேட்டது இதுதான். "சந்தேகப்படுங்க, டிக்கெட் காசு உங்களோடது. ஆனா ப்ளூமுக்கு என்ன வயசு, என்ன படிச்சார்னு கேக்காதீங்க. அவருக்கு எவ்வளவு பணம், எத்தனை வருஷம், என்ன உத்தரவு குடுத்திருக்காங்கன்னு உங்க முதலாளி பில் டிவிட்டைக் கேளுங்க. அது தெரிஞ்சா, அந்தப் பணத்துக்குள்ள ப்ளூம் என்ன செஞ்சார்னு மார்க் போடலாம்."

மனுஷன் கொஞ்ச நேரம் யோசிச்சார். "முதலாளியைத் திட்டி என்ன ஆகப் போகுது? அவரை மாத்த முடியாதே"ன்னார்.

அதாங்க விஷயம். மாத்த முடிஞ்சவரைத் திட்டறோம்.

பி.கு: எனக்கு அடுத்த மாசம் டீம் லீட் பொறுப்பு குடுக்கப் போறாங்களாம். கையில லிஸ்ட் எதுவும் தந்தா என்ன பண்றதுன்னு அனுபவஸ்தர்கள் பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா.