ஆண்மைக்கு ஓர் ஊசி

பனியன் நகரம் திருப்பூர்! அங்கே ஓவர்லாக் இயந்திரத்தின் முன் ஆணும் பெண்ணும் அருகருகே அமர்ந்து உழைக்கின்றனர். ஆனால், 'பிள்ளைகள் போதும்' என்று இருவரும் முடிவு செய்தபின் மருத்துவமனைக் கட்டிலில் படுப்பவர் யார்? அவள்! கூலியை இழப்பவர் யார்? அவளே! அவனோ வழக்கம்போல் ஷிப்டுக்குப் போகிறான்.

மிகையாகப் பேசுகிறோமா? 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் புரட்டுங்கள். இந்தியாவில் மணமான மகளிருள் கருத்தடை அறுவை செய்துகொண்டோர் நூற்றுக்கு 37.9. கணவன் செய்துகொண்டதோ 0.3!

'ஆணுக்கு மருந்தில்லையே!' என்பர். ஆராய்ந்தார்களே! 7 நாடுகளில் 320 ஆண்களுக்கு, 8 வாரத்திற்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போட்டனர். பிட்யூட்டரி சுரப்பியின் கட்டளை அடங்கிற்று, விந்தணு குறைந்தது. அவ்வாறு குறைந்தோரிடையே, ஓராண்டில் நூறு இணைகளுக்கு இரண்டுக்கும் குறைவாகவே கருத்தரிப்பு. ஆயினும், மனச்சோர்வு முதலிய பக்கவிளைவுகள் கண்டு 2011இல் நிறுத்தினர்.

பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை நாம். அந்தப் பரிவு பெண்ணிடம் ஏன் எழவில்லை என்றே கேட்கிறோம்! 1956இல் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம் மாத்திரையைச் சோதித்தனர். தலைசுற்றல், வாந்தி என்று முறையிட்டனர் அம்மகளிர். முறையீடு ஒதுக்கப்பட்டது; 1960இல் அமெரிக்க அரசு மாத்திரைக்கு ஒப்புதல் தந்தது! ஆணுக்கான ஹார்மோன் மருந்தோ இன்னும் கடைக்கு வரவில்லை.

'ஆண் ஏற்கமாட்டான்' என்பதும் பொய். 2016இல் வெளியான அவ்வாய்வின் முடிவு கூறுகிறது: பங்கேற்ற ஆண்களில் முக்கால் பங்கினருக்கு மேல், அம்முறை கிடைத்தால் தொடரவே விரும்பினர். மறுப்பது ஆணின் உடலன்று. ஆண்மை என்னும் மூடநம்பிக்கை!

கருத்தடை பெண்ணின் உடல்நலத்துக்காக மட்டுமன்று, அவளது விடுதலைக்காகவே வேண்டும் என்று 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் வாதிட்டார் பெரியார். அந்த விடுதலைக்கும் விலையை அவளே தரவேண்டுமா? தன் உடலால், தன் கூலியால் தரவேண்டுமா?

தோழர்களே! ஊசி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிறு துளையின் வழியே, சில மணித்துளிகளில் முடியும் ஆண் கருத்தடை இன்றே அரசு மருத்துவமனையில் உண்டு. விந்துக் குழாயை மட்டுமே அது அடைக்கிறது; ஆண் ஹார்மோன் எப்போதும்போல் சுரக்கும். இன்பம் குன்றாது, உழைக்கும் வலிமையும் குறையாது. பிள்ளை போதும் என்று முடிவு செய்த பகுத்தறிவாளர் வீட்டில், மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டியவர் யார்?

மேடையில் பெண்ணுரிமை முழங்கும் நாவுக்கு, அதுவே உரைகல்!