பன்றி சுட அனுமதி உண்டு, பயிற்சி?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் பாலோடு, விதுரை வட்டாரங்களில் மரச்சீனித் தோட்டங்களைக் காட்டுப்பன்றிகள் இரவோடிரவாகக் கிளறிப் போடுவது தீராத தொல்லையாகிவிட்டது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. பன்றியைத் தொல்லை விலங்காக அறிவிக்கும்படி கேரளம் கேட்டதற்கு மத்திய அரசு இணங்கவில்லை. ஆகவே 2022 மே மாதம் மாநில அரசு வேறு வழி கண்டது. பஞ்சாயத்துத் தலைவரும் மேயருமே சுட உத்தரவிடலாம். துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர் சுடலாம். விஷம், வெடி, மின்சாரம் கூடாது.

உத்தரவிடுவது எளிது. சுடுபவர் யார்? லைசென்ஸ் வைத்திருப்பவரெல்லாம் சுடத் தெரிந்தவர் அல்லர். புதிதாக லைசென்ஸ் கேட்போர் பாதுகாப்புப் பயிற்சி பெறவேண்டும் என்கின்றன 2016 ஆயுத விதிகள். 2022-இல் கேரளப் போலீசாரும் கட்டணம் பெற்றுப் பயிற்சி தர முன்வந்தனர். நல்ல காரியம்தான்.

ஆனால் சுடுதளத்தில் வெளிச்சம் உண்டு. குறிக்குப் பின்னால் ஆள்நடமாட்டம் இராது. ரப்பர் தோட்டம் அப்படியா? விடியுமுன்பே நெற்றிவிளக்குடன் பால்வெட்ட ஆட்கள் வந்துவிடுவார்கள். அவர்களில் தமிழரும் உண்டு. இரட்டைக்குழல் துப்பாக்கியின் ரவைகளோ போகப்போகப் பரவிச் செல்பவை. தெரிவது பன்றிதான், அதற்குப் பின்னால் ஒருவருமில்லை என்று உறுதியாகும்வரை விசையில் விரல் படக்கூடாது. புதியவருக்கு இதை டார்ச் வெளிச்சத்தில் பழக்கவேண்டும். சுட உத்தரவிடுமுன் பஞ்சாயத்துத் தலைவர் பயிற்சிச் சான்றைக் கேட்கட்டும். பால்வெட்டுவோருக்கு முதல்நாள் மாலையே தகவல் சொல்லட்டும்.