ஒரு பொண்ணால கெட்டானாம்!

(படம் பார்க்காதவர்களுக்கு: முழுக் கதையையும் சொல்லித்தான் சண்டை போடப் போகிறேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.)

போன சனிக்கிழமை ராத்திரி, புனேவில் எங்கள் வீட்டு ஹாலில் நாலு தமிழ்க் குடும்பம். மாசம் ஒரு தடவை இப்படிக் கூடுவது வழக்கம். புளியோதரை, தயிர் சாதம், வடகம், கடைசியில் ஒரு படம். இந்தத் தடவை படம் என் சாய்ஸ். பசங்களை உள் ரூமில் தூங்க வைத்துவிட்டு, 2005-ல் வந்த கொரியப் படம் 'ஏ பிட்டர்ஸ்வீட் லைஃப்' போட்டேன். டைரக்டர் கிம் ஜீ வூன். ஹீரோ லீ பியுங் ஹுன். 'ஸ்க்விட் கேம்' சீரியலில் கறுப்பு முகமூடியோடு வருவாரே, அவரேதான்.

படம் முடிந்து லைட்டைப் போட்டதும் வந்த முதல் விமர்சனம்: "அட, ஒரு பொண்ணால கெட்டான் சார்!"

சொன்னவர் திருநெல்வேலிக்காரர். நல்ல மனுஷர். மற்ற ரெண்டு பேரும் தலையாட்டினார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அப்போது வடகத்தைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இப்போது விடுவதாக இல்லை.

கதை இவ்வளவுதான். சுன்வூ ஒரு பெரிய ஹோட்டலை நிர்வகிப்பவன். முதலாளி காங் ஒரு தாதா. ஏழு வருஷமாக அவருக்கு விசுவாசமான வலது கை. மூணு நாள் ஷாங்காய் போகும் காங், தன் இளம் காதலி ஹீசூவைக் கவனித்துக்கொள்ளச் சொல்கிறார். அவளுக்கு வேறு ஆள் இருந்தால் உடனே போன் பண்ணு, இல்லையென்றால் நீயே முடித்துவிடு என்று உத்தரவு. வேறு ஆள் இருக்கிறான். சுன்வூ ரெண்டு பேரையும் கையும் களவுமாகப் பிடிக்கிறான். அடிக்கிறான். போன் கையில் இருக்கிறது. ஆனால் முதலாளிக்குத் தகவல் போகவில்லை. இனிமேல் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கக் கூடாது என்று சொல்லி விட்டுவிடுகிறான். அந்த ஒரு முடிவுக்காக அவனை அடித்து நொறுக்கி, உயிரோடு புதைக்கிறார்கள். மழைச் சேற்றிலிருந்து எழுந்து வருகிறான். அப்புறம் ரத்தக்களறி.

இதில் அந்தப் பொண்ணு என்ன செய்தாள் ஐயா? சுன்வூவைக் காதலித்தாளா? மயக்கினாளா? காப்பாற்று என்று காலில் விழுந்தாளா? செல்லோ வாசித்தாள். தன் வயசுப் பையன் ஒருத்தனை விரும்பினாள். அவ்வளவுதான். கொல்லச் சொன்னவர் காங். புதைக்கச் சொன்னவர் காங். ஆனால் கெடுத்தது மட்டும் பொண்ணு! இந்தக் கணக்கு எந்த ஊர்க் கணக்கு?

ரெண்டாவது விமர்சனம் கோயமுத்தூர் நண்பருடையது. "ஸ்டைல் சூப்பருங்க. கதைதான் இல்லை." அந்த ஸ்டைலே கதைதான் சாமி. ஆரம்பத்தில் சுன்வூ மேல்மாடி லவுஞ்சில் உட்கார்ந்து ஸ்வீட் சாப்பிடுகிறான். கீழே ரவுடிகள் தகராறு என்று கூப்பிடுகிறார்கள். இறங்கிப் போய் அடித்துத் துவைக்கிறான். கறுப்பு சூட், கசங்காத தலைமுடி. சரி, அவன் வீட்டுக்குப் போனால் என்ன இருக்கிறது? தனியாக உட்கார்ந்து ஒரு விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கிறான். ஏழு வருஷ உழைப்பில் மிச்சம் அந்த விளக்கு ஒன்றுதான். அந்த சூட் அவன் யூனிஃபார்ம். நம் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு மாதிரி. அவன் முகம் கொஞ்சமாவது மலர்வது ஹீசூவின் செல்லோ வாசிப்பைக் கேட்கும்போதுதான். அதைக் காதல் என்று படம் எங்கேயும் சத்தியம் பண்ணவில்லை.

மூணாவது விமர்சனம்: "இதைத்தான் ஹிந்தியில் எடுத்துட்டாங்களே, அதுல ஒரு நியாயம் இருந்துச்சு." 2007-ல் மோஹித் சூரி எடுத்த 'ஆவாரபன்' பற்றிச் சொல்கிறார். கதை இங்கிருந்து போனதுதான். ஆனால் அங்கே அந்தப் பெண் விற்கப்பட்டு வந்தவள். ஹீரோவுக்கு இறந்துபோன ஒரு காதலி, பிளாஷ்பேக், கடவுள் எல்லாம் உண்டு. அவளை விடுவித்தால் புண்ணியம் என்று தெளிவான காரணம் இருக்கிறது. பாட்டும் நன்றாக இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருத்தரிடம் இரக்கம் காட்ட நமக்கு இத்தனை காரணம் வேண்டியிருக்கிறது பாருங்கள். கொரியக்காரன் ஒரு காரணமும் தரவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று காங் கேட்கிறார். சுன்வூவிடம் பதில் இல்லை. கடைசியில் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு சுன்வூவும் காங்கிடம் அதே கேள்வியைக் கேட்கிறான். உங்களுக்காக ஏழு வருஷம் நாயாக உழைத்தேனே, எனக்கு ஏன் இதைச் செய்தீர்கள்? காங் சொல்லும் பதில், நீ என்னை அவமானப்படுத்திவிட்டாய் என்பதுதான். இதில் பொண்ணு எங்கே வந்தாள்? சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, ஈகோ அடிபட்டது. அதுதான் முழு வழக்கும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சில வருஷம் முன்னால் நான் ஒரு டீமுக்கு லீட். ஒரே மேனேஜரிடம் ஒன்பது வருஷம். அவர் வீட்டு கிரகப்பிரவேசத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன். அப்ரைசல் சமயத்தில் கூப்பிட்டு, கடைசி ரேட்டிங்கில் ஒரு பெயர் போடச் சொன்னார். யார் பெயர் என்றும் அவரே சொன்னார். பிரசவ லீவு முடிந்து வந்து ரெண்டு மாசம் ஆன பொண்ணு. வேலையில் ஒரு குறை கிடையாது. நான் போடவில்லை. லிஸ்ட்டை அப்படியே மேலே அனுப்பிவிட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. தியாகமெல்லாம் கிடையாது. கை வரவில்லை, அவ்வளவுதான்.

மேனேஜர் கூப்பிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார். "நீ என்னைச் சின்னவனாக்கிட்ட." அடுத்த அஞ்சு மாசம் எனக்கு புராஜெக்ட் கிடையாது. பெஞ்ச். கேன்டீனில் என்ன பேசினார்கள் தெரியுமா? "ஒரு பொண்ணுக்காக கெரியரைக் கெடுத்துக்கிட்டான்." நம் ஆட்கள்தான், தமிழில்தான் பேசினார்கள். அது தங்கமணி காது வரைக்கும் வந்தது.

இந்தப் படத்தில் ஒரு மன்னிப்பு கேட்டால் போதும் என்று எதிரி கும்பல் ஆள் அனுப்புகிறது. சுன்வூ கேட்க மாட்டேன் என்கிறான். நான் கேட்டேன். வீட்டு லோன் இருந்தது, பெரியவளுக்கு ஸ்கூல் ஃபீஸ் இருந்தது. ஆறாவது மாசம் அந்த கேபினுக்குள் போய், "தப்பு என் மேலதான் சார்" என்றேன். அவர் சிரித்து டீ சொன்னார். அடுத்த அப்ரைசலில் வேறு ஒருத்தர் அந்தப் பொண்ணின் பெயரைப் போட்டுக் கொடுத்தார். அவள் போய்விட்டாள். போகும்போது என்னிடம் வந்து நன்றி சொன்னாள். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதனால் நண்பர்களே, துப்பாக்கி எடுங்கள் என்று சொல்ல வரவில்லை. எடுத்தவனும் அங்கே பிழைக்கவில்லை. படம் பார்த்துவிட்டு வாயைத் திறப்பதற்கு முன்னால், யார் உத்தரவு போட்டது என்று ஒரு தடவை யோசியுங்கள். ராமாயணம் பார்த்தாலும் கைகேயி, கேங்ஸ்டர் படம் பார்த்தாலும் ஹீசூ என்றால், கேபினில் உட்கார்ந்திருக்கும் காங்குகளுக்கு என்ன கவலை? கேள்வி அவர்கள் வாசலுக்கு வரவே வராதே.

எல்லோரும் போனபிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தங்கமணி சொன்னாள். "அந்தக் கேன்டீன் பேச்சை நான் ஒரு நாளும் நம்பலை. நீங்க போய் மன்னிப்பு கேட்டதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு."

இத்தனை வருஷத்தில் அவள் இதைச் சொன்னதே இல்லை. நான் துண்டை எடுத்து, கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன்.

டிஸ்கி: அடுத்த மாசம் திருநெல்வேலிக்காரர் வீட்டில் கூட்டம். படம் அவர் சாய்ஸ். நான் கண்டிப்பாகப் போவேன், வாயையும் கண்டிப்பாகத் திறப்பேன்.