வழக்குகள் மூடப்பட்டாச்சு, கேள்விகள் மூடலை: ஸ்பெயின் முன்னாள் மன்னர் ஹுவான் கார்லோஸ் விவகாரம் என்ன?

ஸ்பெயினின் முன்னாள் மன்னர் ஹுவான் கார்லோஸ் எழுதிய சுயசரிதை, 2025 நவம்பரில் பிரான்ஸில் வெளியானது. ‘சமரசம்’ என்பதுதான் தலைப்பின் பொருள். யாரோடு சமரசம்? தன் சொந்த நாட்டோடுதான்.

2020 ஆகஸ்ட்டில் ஸ்பெயினை விட்டுக் கிளம்பியவர், அபுதாபியில் குடியேறினார். இத்தனைக்கும் பண விவகாரத்தில் அவர் மேல் குற்றச்சாட்டுகூட பதிவாகவில்லை. அப்புறம் ஏன் இந்த நிலை?

கொண்டாடப்பட்ட மன்னர்

சர்வாதிகாரி ஃபிராங்கோ 1975-ல் இறந்ததும், அவர் தேர்ந்தெடுத்திருந்த வாரிசாக அரியணை ஏறினார் ஹுவான் கார்லோஸ். ஆனால் ஃபிராங்கோ வழியில் போகாமல் நாட்டை ஜனநாயகத்துக்குத் திருப்பினார். 1981 பிப்ரவரி 23 அன்று ஆயுதக் காவலர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தபோது, நள்ளிரவு தாண்டி ராணுவச் சீருடையில் டிவியில் தோன்றி, ‘அரசியல் சாசனத்தின் பக்கம் நிற்கிறேன்’ என்ற செய்தியைச் சொன்னார். ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றது. அந்த ஓர் இரவு சம்பாதித்துக் கொடுத்த மரியாதை, முப்பது வருஷம் அவருக்குக் கவசமாக இருந்தது.

யானையில் தொடங்கிய சரிவு

2012-ல் ஸ்பெயின் கடும் பொருளாதார நெருக்கடியில் இருந்தது. இளைஞர்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் மன்னர் போட்ஸ்வானாவில் யானை வேட்டைக்குப் போய், இடுப்பு எலும்பு முறிந்து திரும்பினார். விபத்து நடந்ததால்தான் பயணமே வெளியில் தெரிந்தது. மக்களிடம் மன்னிப்பு கேட்டார். ஆனாலும் கோபம் தணியவில்லை. 2014-ல் மகன் ஃபெலிப்பேவிடம் முடியை ஒப்படைத்தார்.

10 கோடி டாலர் எங்கிருந்து வந்தது?

2008-ல் சவுதி அரேபியாவிலிருந்து 10 கோடி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 6.5 கோடி யூரோ, ஒரு சுவிஸ் வங்கிக் கணக்குக்கு வந்தது. கணக்கு பனாமாவில் பதிவான ஓர் அறக்கட்டளையின் பெயரில் இருந்தது. பின்னால் இருந்தவர் ஹுவான் கார்லோஸ். 2012-ல் அந்தப் பணம் அவருடைய நெருங்கிய தோழியின் கணக்குக்குப் போனது.

2011-ல் மெக்கா - மதீனா அதிவேக ரயில் ஒப்பந்தம் ஸ்பெயின் நிறுவனங்களுக்குக் கிடைத்திருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று சுவிஸ், ஸ்பெயின் அரசு வழக்கறிஞர்கள் விசாரித்தார்கள். தொடர்பை நிரூபிக்க ஆதாரம் கிடைக்கவில்லை. சுவிட்சர்லாந்து 2021 டிசம்பரிலும், ஸ்பெயின் 2022 மார்ச்சிலும் விசாரணையை மூடின.

அப்போ அவர் நிரபராதியா?

இங்கதான் விஷயமே இருக்கு. ஸ்பெயின் தரப்பு விசாரணை மூடப்பட்டதற்கு லஞ்ச ஆதாரம் இல்லாதது மட்டும் காரணம் இல்லை. இன்னும் மூன்று காரணங்கள் இருந்தன.

1. சட்டப் பாதுகாப்பு: 1978 அரசியல் சாசனத்தின் 56-வது பிரிவுப்படி, மன்னர் மேல் வழக்கு தொடர முடியாது. அதனால் 2014 வரை அவர் செய்தது எதற்கும் விசாரணை கிடையாது.

2. காலக்கெடு: சில விவகாரங்களில் வழக்கு தொடர்வதற்கான காலம் கடந்துவிட்டது.

3. கட்டிய வரி: பதவி விலகிய பிறகு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் ஸ்பெயின் சட்டத்தில், அதிகாரிகள் முறைப்படி நடவடிக்கை தொடங்கும் முன் பாக்கி வரியைத் தானாக முன்வந்து கட்டினால் கிரிமினல் வழக்கு வராது. அவர் 2020 டிசம்பரில் சுமார் 6.78 லட்சம் யூரோவும், 2021 பிப்ரவரியில் சுமார் 44 லட்சம் யூரோவும் கட்டினார். இரண்டாவது தொகை, ஓர் அறக்கட்டளை அவருக்காகச் செலவழித்த தனி விமானப் பயணங்கள் தொடர்பானது.

அதாவது, ‘தப்பு நடக்கலை’ என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ‘தப்பு நடந்தது’ என்றும் சொல்லவில்லை. விஷயம் நீதிமன்றப் படியே ஏறவில்லை. சம்பளத்தில் மாசாமாசம் வரி பிடித்தம் ஆகிற சாதாரண ஸ்பெயின்காரருக்கு உறுத்துவது இதுதான்.

மகன் என்ன செய்தார்?

2020 மார்ச்சில் அப்பாவின் சொத்தில் தனக்கு வரக்கூடிய பங்கு வேண்டாம் என்று அறிவித்தார் ஃபெலிப்பே. அப்பாவுக்குக் கொடுத்துவந்த ஆண்டு உதவித்தொகையையும் நிறுத்தினார். 2022-ல் தன் சொத்து சுமார் 26 லட்சம் யூரோ என்று வெளியிட்டார். அரண்மனைக் கணக்குகளை அரசின் தணிக்கை அமைப்பு பார்க்கவும் வழி வந்தது.

சட்டம் மாறியதா?

இல்லை. 56-வது பிரிவு அப்படியே இருக்கிறது. அதைத் திருத்த நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு அவைகளைக் கலைத்துத் தேர்தல் நடத்த வேண்டும். புதிய அவைகளும் அதே பெரும்பான்மையில் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் பொது வாக்கெடுப்பு. தன் ஆட்சியையே பணயம் வைத்து இதில் இறங்க எந்தக் கட்சிக்குத்தான் மனசு வரும்?

ஆக, மகன் மாற்றியது அரண்மனை நடைமுறைகளை மட்டுமே. நாளைக்கு இதே மாதிரி இன்னொரு கணக்கு வெளியில் வந்தால், அப்போது பதவியில் இருக்கும் மன்னரையும் அதே பிரிவு காப்பாற்றும். அப்பா புத்தகத்தில் கேட்கும் சமரசத்தைவிட, ஸ்பெயின் மக்களுக்கு முக்கியம் அந்தக் கேள்விக்கான பதில்தான்.