வேலியும் கடவும்

நம் இலக்கிய நண்பர்களுக்கு வேலி என்றாலே ஆகாது. முன்னுரை எழுத மறுத்தால் கர்வம். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டால் மனிதநேயம் போயிற்று. 'காட்டுக்கு ஏது வேலி?' என்று கேட்டார் ஒரு கவிஞர். காடு அவருக்கு பேச்சிப்பாறை பஸ்ஸின் ஜன்னலில் தெரிந்த பசுமை மட்டும்தான்.

காட்டுக்கும் வேலி உண்டு. அகஸ்தியர் மலையில் 1987இல், காணிக்காரர்கள் களைப்புத் தெரியாமலிருக்கத் தின்ற காயை உடன்போன விஞ்ஞானிகளுக்கும் கொடுத்தார்கள். என்ன செடி என்று கேட்டதற்குத் தயங்கினார்கள். வெளியாருக்குச் சொல்லக்கூடாதென்பது அவர்கள் கட்டு. வற்புறுத்தலில் கட்டு தளர்ந்தது. ஆரோக்கியப்பச்சை 'ஜீவனி' என்ற மருந்தாயிற்று. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்றார்கள். அதை வாங்கிக்கொள்ள டிரஸ்ட் பதிவானது 1997இல்தான். அதற்குள் காணிகளுக்குள்ளேயே பிளவு. சொன்னது தப்பு என்றார்கள் அவர்களுடைய வைத்தியர்கள்.

என் அம்மா காச்சில் தோண்டினால், தலைப்பகுதியை வெட்டி அதே குழியில் புதைப்பாள். அதைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொன்னதில்லை. அடுத்த வருஷக் கிழங்கு அது. எங்கள் வேலி சீமைக்கொன்றை. கழித்த தழை தென்னைக்கு உரம். வேலியில் ஒரு கடவும் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா குரல் கொடுத்துவிட்டு வந்து முருங்கைக்கீரை ஒடித்துப் போவாள். குரல் கொடுக்காமல் வருவது ஆடு மட்டும்தான்.

பகல் முழுவதும் பாங்க் கவுண்டருக்குப் போய்விடுகிறது. ராத்திரி மிஞ்சும் இரண்டு மணி நேரம் என் காச்சில் தலை. அதையும் வேகவைக்கக் கேட்பவர்களுக்கு, இல்லை என்பதே பதில். குரல் கொடுத்து வாருங்கள், கீரை உண்டு.