அழித்துவிட்டு மறுபடி போடுவது வைத்தியமா?

கம்ப்யூட்டரில் எது கெட்டாலும் இன்றைக்கு ஒரே மருந்துதான். "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்ப இன்ஸ்டால் பண்ணுங்க சார்." பேரன் அதைத்தான் சொல்கிறான். கடைக்காரர் அதைத்தான் சொல்கிறார். காசு வாங்கிக்கொண்டு சாமானை விற்ற கம்பெனியும் அதையேதான் சொல்கிறது. தலைவலிக்கும் அதுதான், கால்வலிக்கும் அதுதான். இது வைத்தியம் அல்ல, நோயாளியைப் பார்க்காமலே அனுப்பிவைப்பது என்பது என் கட்சி. ஓய்வு பெற்றபின் நான் பிடித்துக்கொண்ட ஒரு பொழுதுபோக்கை வைத்தே இதைச் சொல்கிறேன்.

ஃப்ளைட் சிமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவது. மைக்ரோசாஃப்ட் 1982-லேயே முதல் பதிப்பை வெளியிட்டது. 2020-ல் வந்த பதிப்பில் உலகம் முழுவதையும் மேலிருந்து பார்க்கலாம். எக்ஸ்-பிளேன் என்று போட்டிக்கு இன்னொன்றும் உண்டு. இவற்றோடு வரும் விமானங்கள் போதாது என்பவர்களுக்குப் பெரிய பயணிகள் விமானங்களை ஆட்-ஆன் என்று தனியாக விற்கிறார்கள். போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்றவை. சிலது இலவசம், சிலதுக்குச் சில ஆயிரம் ரூபாய். நல்ல ஆட்-ஆன் என்றால் நிஜ விமானத்தின் அறையில் உள்ள சுவிட்சுகள் ஏறக்குறைய எல்லாமே வேலை செய்யும். அதுதான் அதன் அழகு. அதன் தொல்லையும் அதுதான்.

ஏனென்றால் இந்த வகைச் சாமானில் "வேலை செய்யவில்லை" என்பது பல நேரம் சரியாக வேலை செய்கிறது என்றே அர்த்தம்.

737-ஐ முழுவதும் அணைந்த நிலையிலிருந்து தொடங்குகிறீர்கள். பேட்டரி போட்டாயிற்று, மின்சாரம் வந்தாயிற்று, ஆனால் வரைபடத் திரை வரவில்லை. ஆட்-ஆன் கெட்டுவிட்டதா? இல்லை. கூரையில் உள்ள ஐ.ஆர்.எஸ். குமிழ்களைத் திருப்பி, விமானம் நிற்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுத்து, சில நிமிடம் அசையாமல் காத்திருக்க வேண்டும். நிஜ விமானமும் அப்படித்தான் காக்க வைக்கும்.

இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது, விமானம் இறங்காமல் நேராகப் போய்க்கொண்டே இருக்கிறது. கெட்டுவிட்டதா? முன்பலகையில் உள்ள உயரக் குமிழைக் குறைத்து வைக்காதவரை அது இறங்கக்கூடாது. உத்தரவு இல்லாமல் இறங்கினால்தான் கோளாறு.

ஏ320-ல் ஏறும்போது திரையில் "லீவர் கிளைம்ப்" என்று எழுத்து மின்னிக்கொண்டே இருக்கிறது. அந்த விமானத்தின் த்ராட்டில், கியர் மாதிரி குறிப்பிட்ட பள்ளங்களில் போய் உட்காரும். நம் மேஜையில் இருக்கும் பிளாஸ்டிக் த்ராட்டிலில் அந்தப் பள்ளங்கள் கிடையாது. எந்த இடம் எந்தப் பள்ளம் என்று ஒருமுறை அளந்து பதிவு செய்யவேண்டும். அதைச் செய்யாதவரை எழுத்து மின்னத்தான் செய்யும்.

இந்த மூன்றில் எதற்கு ஐயா, அழித்துவிட்டு மறுபடி போடுவது மருந்து? நூறு முறை போட்டாலும் நூற்றியோராவது முறையும் எழுத்து மின்னும்.

சரி, நிஜமான கோளாறுகளுக்கே வருவோம். அவை எங்கே குடியிருக்கின்றன? முதல் இடம், கையில் பிடிக்கும் ஜாய்ஸ்டிக்கும் அதன் பொத்தான் ஒதுக்கீடுகளும். புதிதாக ஒரு த்ராட்டில் வாங்கிச் சொருகினால் சிமுலேட்டர் தானாகவே அதற்கு வேலைகளை ஒதுக்கிவிடும். ஜாய்ஸ்டிக்கில் ஏற்கெனவே ஒரு த்ராட்டில் இருந்தால் இரண்டும் ஒரே இன்ஜினை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். இரண்டாவது இடம், புதிதாக ஓட்டுபவர்களுக்கு என்று வைத்திருக்கும் உதவி அமைப்புகள். அவை ஆட்-ஆனின் சொந்த மூளையோடு சண்டை போடும். மூன்றாவது, நாம் சேர்த்து வைத்த மற்ற ஆட்-ஆன்கள். நான்காவது, சிமுலேட்டர் புதுப்பிக்கப்பட்டு ஆட்-ஆன் பழையதாகவே நிற்பது. ஐந்தாவது, வான்வழித் தரவு. 28 நாளுக்கு ஒருமுறை உலகம் முழுக்க மாறுவது அது. பயணத் திட்டம் புதுத் தரவிலும் விமானம் பழைய தரவிலும் இருந்தால், வழியில் உள்ள ஒரு புள்ளியைக் கொடுக்கும்போது "அப்படி ஒன்று இல்லை" என்று விமானம் சாதிக்கும். ஆறாவதாகத்தான் ஆட்-ஆனின் சொந்தக் கோப்புகள் சிதைந்து போவது வருகிறது.

அழித்துவிட்டு மறுபடி போடுவது இந்த ஆறாவது வீட்டின் கதவை மட்டும்தான் தட்டுகிறது. அதிர்ஷ்டம் இருந்தால் நான்காவதையும் தொடும். ஜாய்ஸ்டிக் ஒதுக்கீடுகள் ஆட்-ஆனின் கோப்புறையில் இல்லவே இல்லை. திருடன் தெற்குத் தெருவில் இருக்கும்போது வடக்குத் தெருவில் தினமும் ரோந்து போவது போலத்தான் இது.

நான் டெலிபோன்ஸில் வேலை பார்த்தவன். ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச் காலத்து ஆள். 198-க்குப் புகார் வரும், "போன் டெட்" என்று. யாரும் உடனே எக்ஸ்சேஞ்சைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டவில்லை. சந்தாதாரர் வீட்டுக்கும் ஓடவில்லை. முதலில் எம்.டி.எஃப்.-ல் அந்த லைனைப் பிரித்து இரண்டு பக்கமும் சோதிப்போம். உள்ளே கோளாறா, வெளியே கோளாறா? அந்த ஒரு சோதனையில் பாதி ஊர் கழிந்துவிடும். வெளியே என்றால் கேபினட்டில் போய் மறுபடி பாதி. இப்படிப் பாதி பாதியாகக் கழித்து, கடைசியில் ஒரு கம்பத்தில், ஒரு இணைப்பில் கையை வைப்போம். எழுதப் படிக்கத் தடுமாறிய லைன்மேன்கூட இதைச் சுத்தமாகச் செய்வார்.

சிமுலேட்டருக்கும் இதே கணக்குதான். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் நாம் வெளியிலிருந்து சேர்ப்பவை "கம்யூனிட்டி" என்ற கோப்புறையில் கிடக்கும். அதை முழுவதும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, கோளாறு காட்டும் விமானத்தை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். கோளாறு போய்விட்டதா? அப்படியானால் விமானம் குற்றவாளி அல்ல, கூட இருந்தவர்களில் ஒருவர். பாதியைத் திரும்பப் போடுங்கள். மறுபடி பாதி. 32 ஆட்-ஆன்கள் இருந்து அவற்றில் ஒன்றுதான் குற்றவாளி என்றால் ஐந்தே சோதனையில் பிடித்துவிடலாம். எக்ஸ்-பிளேன் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். அதன் கோப்புறையில் "லாக்" என்று ஒரு எழுத்துக் கோப்பு இருக்கும். சிமுலேட்டர் நின்றுபோனால் அதன் கடைசி வரிகளைப் படியுங்கள். பல நேரம் குற்றவாளியின் பெயரே அங்கே எழுதியிருக்கும்.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். என்னைப் பார்த்து அவரும் இதில் இறங்கினார். ஏ320 ஆட்-ஆன் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினார். திருச்சியில் கிளம்பிச் சென்னை போவார். விழுப்புரம் வருவதற்குள் ஆட்டோபைலட் இரண்டு மூன்று முறை கழன்றுகொள்ளும். விற்றவர்களுக்கு எழுதினார். அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். போட்டார். மறுபடி எழுதினார். சிமுலேட்டரையே முழுவதும் அழித்துவிட்டுப் போடச் சொன்னார்கள். நூறு ஜிகாபைட்டுக்கு மேல். இரண்டு ராத்திரி கண்விழித்து இறக்கினார். ஆட்டோபைலட் கழன்றது. மூன்றாவது பதிலில், உங்கள் கம்ப்யூட்டர் பழையதாக இருக்கலாம், புதிது வாங்குவது பற்றி யோசியுங்கள் என்று வந்தது. வாத்தியார் கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். "நமக்கு வயசாயிடுச்சு சார், இதெல்லாம் சின்னப் பசங்க சமாசாரம்" என்றார். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு "விடை வேண்டாம், வழியைக் காட்டு" என்று கற்றுக்கொடுத்த மனிதர்.

நான் போய்ச் செய்தது ஒன்றுதான். விமானத்தை மேலே ஏற்றி ஆட்டோபைலட்டைப் போட்டதும் ஜாய்ஸ்டிக்கின் கம்பியைப் பிடுங்கினேன். சென்னை வரை ஆட்டோபைலட் கழலவே இல்லை. எம்.டி.எஃப். சோதனை முடிந்தது, கோளாறு வெளியே. பிறகு சிமுலேட்டரில் ஜாய்ஸ்டிக்கின் அசைவைக் காட்டும் பக்கத்தைத் திறந்தோம். யாரும் தொடாமலே அந்தப் புள்ளி துள்ளிக்கொண்டிருந்தது. பழைய ரேடியோவில் வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று கேட்குமே, அதே வியாதி. அதே பொட்டென்ஷியோமீட்டர்தான் இந்த ஜாய்ஸ்டிக்குக்குள்ளும். நிஜ ஏர்பஸ்ஸில் விமானி ஸ்டிக்கை ஓர் அளவுக்கு மேல் அசைத்தால் ஆட்டோபைலட் விலகி அவர் கையில் ஒப்படைத்துவிடும். இந்த ஆட்-ஆனும் அதைத்தான் செய்தது. தூசி பிடித்த ஜாய்ஸ்டிக்கின் துள்ளலை வாத்தியாரின் கை என்று நினைத்துக்கொண்டது. திறந்து காண்டாக்ட் கிளீனர் அடித்தோம். நடுவில் சிறிது அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும்படி அமைப்பை மாற்றினோம். அவ்வளவுதான். ஆட்-ஆனில் கோளாறே இல்லை. விற்றவர்கள் "ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிப் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

"சார், அவங்களுக்கு தினம் நூறு மெயில் வரும், ஒவ்வொண்ணா பார்க்க முடியுமா?" என்று என் பேரன் வக்காலத்து வாங்குகிறான். நூறு பேருக்கும் ஒரே பதிலை அனுப்ப நேரம் இருக்கிறதல்லவா? அந்தப் பதிலில் நாலு கேள்விகளை எழுதி அனுப்புவதற்கு என்ன செலவு? வேறு ஆட்-ஆன் எதுவும் இல்லாமல் வருகிறதா? ஜாய்ஸ்டிக் இல்லாமல் வருகிறதா? எப்போதிலிருந்து வருகிறது? அதற்கு முன் எதை மாற்றினீர்கள்? இதைக் கேட்டால் பாதிப் பேர் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

"ஆனா சில சமயம் சரியாகுதே" என்பது அடுத்த வாதம். ஆகும், மறுக்கவில்லை. இறக்கும்போது பாதியில் நெட் போயிருந்தாலோ, ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைப் பறிமுதல் செய்திருந்தாலோ மறுபடி போடத்தான் வேண்டும். ஆனால் அது கடைசி மருந்து, முதல் மருந்து அல்ல. காரணம் தெரியாமல் சரியான கோளாறு, காரணம் சொல்லாமலே திரும்பி வரும்.

விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்களுக்கு நிஜ விமானத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2014 டிசம்பர் 28-ஆம் தேதி சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் போன ஏர் ஏசியா விமானம் கடலில் விழுந்து 162 பேரும் இறந்தார்கள். அதுவும் ஏ320 தான். சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் ஒரு மின்னணுப் பலகையில் ஒரு சால்டர் இணைப்பு விரிசல் விட்டிருந்தது. அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் அதே கோளாறு 23 முறை பதிவாகியிருந்தது என்கிறது இந்தோனேசிய விசாரணை அறிக்கை. ரீசெட் செய்தால் எச்சரிக்கை போய்விடும், விமானம் பறக்கும், விரிசல் அப்படியே இருக்கும். கடைசி நாளில் அந்த எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. பறந்துகொண்டிருக்கும்போதே சர்க்யூட் பிரேக்கரை ரீசெட் செய்ததற்கு ஒத்த அறிகுறிகள் பதிவில் தெரிந்தன. ஆட்டோபைலட் விலகியது. அதன்பின் விமானிகளால் விமானத்தைக் கட்டுக்குள் வைக்க முடியவில்லை. விபத்துக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, எச்சரிக்கையை அணைத்துவிட்டுக் காரணத்தைத் தேடாமல் விட்டதுதான்.

அதனால்தான் போயிங்கும் ஏர்பஸ்ஸும் கோளாறு தேடுவதற்கென்றே தனிக் கையேடுகள் வைத்திருக்கின்றன. இது நடந்தால் இதைச் சோதி, ஆம் என்றால் இங்கே போ, இல்லை என்றால் அங்கே போ என்று படிப்படியாக இருக்கும். நிஜ விமானத்தின் ஒவ்வொரு சுவிட்சையும் காப்பியடிக்கும் ஆட்-ஆன் கம்பெனிகள், அந்தக் கையேட்டின் ஒரு பக்கத்தையாவது காப்பியடிக்கக் கூடாதா?

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டாப் பாக்ஸ் ஆகட்டும், பேங்க் ஆப் ஆகட்டும், யாராவது "அழிச்சுட்டு மறுபடி போடுங்க" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். "எந்தக் கோளாறுக்கு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம், நமக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஒன்றைக் கழற்றுங்கள், பாருங்கள், ஒரு தாளில் எழுதி வையுங்கள், அடுத்ததைக் கழற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சைக்கிள் பங்சர் ஒட்டும்போது டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்தவர்கள் நாம். ஓட்டை எங்கே என்று தெரியுமுன் யாரும் புது டியூப் வாங்கியதில்லை.